வாசகர் கேள்வி – பதில்: அடுத்தவர் தளத்தில் எழுதினால் எனக்கென்ன லாபம்?

கேள்வி: யாழ்ப்பாணச் சமையல் பற்றி இரண்டு வருடமாக வலைப்பூ எழுதுகிறேன். நாற்பது பதிவுகள் போட்டும், வாசிப்பவர்கள் என் சொந்தக்காரர்கள்தான். வேறு தளங்களுக்கு விருந்தினராக எழுதச் சொல்கிறார்கள். நல்ல ஆக்கத்தை ஏன் மற்றவருக்குக் கொடுக்க வேண்டும்?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: கொடுக்கத்தான் வேண்டும், அதுவும் இருப்பதில் நல்லதை. 2004இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற, பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஓரிடத்தில் காட்டும் திரட்டிகள் ஓங்கியிருந்த நாள்களில், புதிதாக எழுதுபவரையும் அவை வாசகர் கண்ணில் காட்டிவிட்டன. இன்று வாசகர் கூடியிருக்கும் இடத்துக்கு நாமே போக வேண்டியிருக்கிறது.

ஆனால் போனால் மட்டும் போதாது. கனடாவில் இருப்பவர்கள் வாசிக்கும் ஒரு சமையல் தளத்துக்கு, உறைய வைத்த மீனிலும் நண்டிலும் ஒடியற் கூழ் (காயவைத்த பனங்கிழங்கு மாவில் செய்யும் கூழ்) காய்ச்சுவது பற்றி எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். அங்கே வாசகர் தடுமாறும் இடம் ஒடியல் மாவின் கசப்பு. மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்துவிட வேண்டும் என்பதை ஆக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். எத்தனை தடவை வடிப்பது, கரைசல் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்பதைப் படங்களோடு உங்கள் வலைப்பூவில் தனிப் பதிவாக வைத்து, அந்தப் பதிவுக்கே இணைப்புக் கொடுங்கள். முகப்புப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால், வந்தவர் எதைத் தேடி வந்தார் என்பதையே மறந்து திரும்பிவிடுவார்.

ஆக்கத்தின் அடியில் வரும் அறிமுகம் மூன்று வரிக்கு மேல் வேண்டாம். பெயர், எதைப் பற்றி எழுதுகிறீர்கள், ஓர் இணைப்பு, அவ்வளவுதான். வெளியான முதல் இரண்டு நாளும் பின்னூட்டங்களுக்குக் கட்டாயம் பதில் எழுதுங்கள். ரொறொன்ரோவில் கோடைகால இரவு 8 மணி என்றால் எமக்கு மறுநாள் காலை 5.30. விடிய எழுந்ததும் பார்த்துவிடுங்கள். கேள்வி கேட்டுப் பதில் கிடைத்தவர்தான் உங்கள் வலைப்பூவுக்குத் திரும்பத் திரும்ப வருவார். முழு லாபமும் அந்த ஆளில்தான் இருக்கிறது.

கேள்வி: மூன்று தளங்களுக்கு ஆக்கம் அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. என்ன பிழை?
– வாசகர், நல்லூர்

பதில்: முதலில் எழுத்துருவைப் பாருங்கள். எங்கள் பக்கம் இன்றும் பாமினியில் தட்டச்சுச் செய்பவர்கள் அதிகம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் ஆக்கம் முழுவதும் ஆங்கில எழுத்தாகவும், குற்று வரும் இடமெல்லாம் அரைப்புள்ளியாகவும் தெரியும். திறந்தவர் குப்பை என்று நினைத்து அழித்துவிடுவார். எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோட்டுக்கு மாற்றி, ஒருதரம் முழுவதும் வாசித்து, பிறகு அனுப்புங்கள். மாற்றும்போது கொம்பும் அரவும் இடம் மாறுவதுண்டு.

அடுத்தது, முழு ஆக்கத்தையும் எடுத்த எடுப்பில் அனுப்பாதீர்கள். அந்தத் தளத்தின் கடைசிப் பத்துப் பதிவுகளை வாசித்து, அவர்கள் தொடாத மூன்று தலைப்புகளை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கத்துடன் மின்னஞ்சலில் எழுதுங்கள். நீங்கள் முன்பு எழுதிய இரண்டு பதிவுகளின் இணைப்பையும் சேருங்கள். “ஆசிரியருக்கு” என்று பொதுவாக எழுதாமல், நடத்துபவரின் பெயரைச் சொல்லி விளியுங்கள். பத்து நாள் பொறுத்து ஒரு நினைவூட்டல் போடலாம், இரண்டாவது வேண்டாம். ஒரே ஆக்கத்தை ஒரே நேரத்தில் மூவருக்கு அனுப்புவது மகா பிழை. இருவர் பிரசுரித்துவிட்டால் இரண்டு வாசலும் அடைபடும்.

கேள்வி: பணம் கொடுத்தால் பெரிய தளங்களில் என் பெயரில் ஆக்கம் போட்டு, கூகிளில் முன்னுக்குக் கொண்டுவரலாம் என்று ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: வேண்டாம். மற்றத் தளங்களிலிருந்து வரும் இணைப்புகளையும் பார்த்தே கூகிள் ஒரு தளத்தை முன்னுக்குக் காட்டுகிறது; அவர் விற்பது அந்த இணைப்பைத்தான். இணைப்புக்காகவே விருந்தினர் ஆக்கம் எழுதும் காலம் முடிந்தது என்று, கூகிளின் குப்பைத்தளத் தடுப்புக் குழுவுக்குப் பொறுப்பாக இருந்த மாட் கட்ஸ் 2014 ஜனவரியிலேயே எழுதிவிட்டார். காசு கொடுத்துப் பெற்ற இணைப்புக்கு ‘ஸ்பொன்சர்ட்’ அல்லது ‘நோஃபொலோ’ என்ற அடையாளம் (தர வரிசைக்கு இந்த இணைப்பைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகிளுக்குச் சொல்லும் குறி) இட வேண்டும் என்பது கூகிளின் விதி. அதை மறைத்தது பிடிபட்டால் அந்த இணைப்புக் கணக்கில் எடுக்கப்படாது, சில வேளை உங்கள் தளமே பின்னுக்குப் போகும். அடையாளம் இட்டால் பணம் கேட்டவர் சொன்ன லாபம் இல்லை. இரண்டு பக்கமும் காசு உங்களுடையதுதான் போகிறது. நீங்களே எழுதி, ஆசிரியர் விரும்பிப் பிரசுரித்த ஆக்கத்தில் ‘நோஃபொலோ’ இருந்தாலும் கவலைப்படாதீர்கள். வாசகர் அழுத்தினால் உங்களிடம்தான் வருவார்.

கேள்வி: அடுத்தவர் தளத்தில் வந்த என் ஆக்கத்தை என் தளத்திலும் அப்படியே போடலாமா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: அப்படியே போடாதீர்கள். ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இருந்தால் கூகிள் பெரும்பாலும் ஒன்றைத்தான் காட்டும், அது உங்களுடையதாக இல்லாமலும் போகலாம். நான்கு வரிச் சுருக்கம் எழுதி, அந்த ஆக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள். உங்களுக்கு இடம் தந்து வாசிக்கவைத்தவருக்கும் அது ஒரு மரியாதை.