கயாக் டிரைசூட்டில் வால்வு வைத்து ஸ்கூபா இறங்கலாமா?

கேள்வி: தருமபுரியில் இருக்கிறேன். கயாக் என்ற சிறு துடுப்புப் படகை ஓட்டுபவர்கள் போடும் டிரைசூட் (தண்ணீர் உள்ளே புகாத உடை) ஒன்றை இணையத்தில் ஒருவரிடம் 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். ‘ரெண்டு வால்வு ஒட்டிட்டா டைவிங்குக்கும் ஆகும்’ என்றார். டிசம்பரில் அந்தமானில் ஸ்கூபா (காற்று சிலிண்டரோடு நீருக்கடியில் இறங்குவது) கற்கப் போகிறேன். ரப்பர் ஒட்டுகிற கடையில் கொடுத்து வால்வு வைத்துக்கொள்ளலாமா? இல்லை, ஏமாந்துவிட்டேனா?

பதில்: தயவுசெய்து வைக்காதீர்கள். ஒகேனக்கல் பரிசல் தண்ணீர்மேல் மிதக்கும் வரைக்கும்தானே அதன் அடியில் பூசிய தார் காப்பாற்றும்? உங்கள் சூட்டும் அப்படித்தான். அலை தெறித்தாலும் கவிழ்ந்து விழுந்தாலும் உடம்பு நனையாமல் காக்கும். ஆழத்துக்குப் போவதற்காகத் தைத்தது அல்ல.

ஆழம் என்ன செய்யும் என்பதை உங்கள் ஊர்க் கிணற்றிலேயே பார்க்கலாம். காலி தண்ணீர் பாட்டிலை இறுக மூடி, கல்லைக் கட்டி, 30 அடி தண்ணீருக்குள் இறக்குங்கள். அடியில் அது நசுங்கிப்போகும். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு. உள்ளே இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். சூட்டுக்குள்ளும் இதேதான் நடக்கும். துணி மடிப்பு மடிப்பாக உடம்பைக் கவ்வும், தோல் கன்றிப்போகும், கைகாலை அசைக்க முடியாது. அதனால்தான் டைவிங் டிரைசூட்டில் மார்பில் ஒரு வால்வு இருக்கிறது. சிலிண்டர் காற்றைச் சீராக்கித் தரும் ரெகுலேட்டரிலிருந்து வரும் குழாயை அதில் மாட்டி, இறங்க இறங்கக் காற்று விடுவார்கள்.

மேலே வரும்போதுதான் பெரிய ஆபத்து. உள்ளே விட்ட காற்று விரிந்துகொண்டே வரும். அதை வெளியேற்றும் வால்வு, பெரும்பாலும் இடது மேல்கையில் இருப்பது, ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் சூட் பலூனாகி உங்களை மேலே தூக்கிவிடும். காற்று காலுக்குப் போய்விட்டால் தலைகீழாகவே தூக்கும். நிமிடத்துக்குச் சுமார் 9 மீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று பயிற்சியில் சொல்வார்கள். பதற்றத்தில் மூச்சை அடக்கினால் நுரையீரலே கிழியக்கூடும். இந்த இரண்டு வால்வையும் மெல்லிய கயாக் துணியில் ஓட்டை போட்டு, பசை வைத்து ஒட்டி, அதை நம்பி உயிரை ஒப்படைப்பதா?

அதோடு, அந்தமானில் உங்களுக்கு டிரைசூட்டே வேண்டாம். அங்கே தண்ணீர் 27, 28 டிகிரிக்குக் குறைவது அரிது. 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (உடம்போடு ஒட்டும் ரப்பர் உடை) போதும், அதையும் பயிற்சி மையத்திலேயே கொடுப்பார்கள். டிரைசூட், ஐஸ்லாந்தில் டைவிங் செய்யும் சில்ஃப்ரா என்ற நீர்ப் பிளவு மாதிரி 2 முதல் 4 டிகிரி குளிர்நீருக்கானது. அதற்குத் தனிப் பயிற்சியும் இருக்கிறது.

பணம் திரும்புமா? வீட்டில் கிடந்த பழையதை விற்ற தனிநபர் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் நிற்பது கடினம். ‘டைவிங்குக்கு ஆகும்’ என்று அவர் அனுப்பிய செய்தி இருந்தால் அதைக் காட்டி நேரில் பேசிப் பாருங்கள். இதையே தொழிலாகச் செய்பவர் என்றால் அந்தச் செய்தியைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள்.

இரண்டும் ஆகவில்லையென்றால் கயாக் ஓட்டும் ஒருவருக்கே விற்றுவிடுங்கள். அதற்கு முன் கழுத்து, மணிக்கட்டு ரப்பரை மெல்ல இழுத்துப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் கிடந்த லேட்டக்ஸ் பிசுபிசுக்கும், வெடித்திருக்கும். அப்படியிருந்தால் அதையும் விளம்பரத்தில் சொல்லுங்கள். முதல் வரியிலேயே ‘ஸ்கூபாவுக்கு அல்ல’ என்று போடுங்கள்.