குறி தப்பியது எங்கே? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் நான் கலந்துகொள்ளும் ‘ஃபீல்டு டார்கெட்’ ஏர் ரைஃபிள் போட்டியைப் பற்றி எழுதியிருந்தேன். பொள்ளாச்சியில் பிறந்து, மருந்தாளுநர் வேலைக்காக இங்கே வந்து, நாற்பது வயதுக்கு மேல் துப்பாக்கியைத் தொட்டவள் நான். அதைப் படித்துவிட்டு இத்தனை பேர் கடிதம் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்து, முடிந்தவரை எல்லோருக்கும் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கும் நீங்கள் சுடுவதற்கும் என்ன வித்தியாசம்?
– கல்லூரி மாணவி, ஈரோடு

குண்டு இரண்டிலும் ஒன்றுதான்: 4.5 மி.மீ. ஈய பெல்லட். மற்றதெல்லாம் வேறு. கடலூரில் பிறந்த இளவேனில் சுடுவது கூரைக்கு அடியில். தூரம் மாறாது, காற்று கிடையாது. நின்றபடி, ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இல்லாமல், அரை மில்லிமீட்டர் புள்ளியைக் குறிவைக்க வேண்டும். நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது, அவ்வளவு பெரிய வித்தை அது.

எங்களுக்கு மைதானமே காடுதான். 8 கஜத்திலிருந்து 55 கஜம் வரை எங்கே வேண்டுமானாலும் இலக்கு நிற்கும். புதரோரம் இருக்கும், மரக்கிளையில் இருக்கும், பள்ளத்துக்கு அந்தப் பக்கமும் இருக்கும். இலக்கு என்பது இரும்புத் தகட்டில் வெட்டிய ஓர் உருவம். நடுவே வட்டமான ஒரு துளை. பெரும்பாலும் 40 மி.மீ., கிட்டத்தில் இருந்தால் 25 அல்லது 15. துளைக்குப் பின்னால் சின்னதாக ஒரு துடுப்பு. பெல்லட் துளைக்குள் போய் அதைத் தட்டினால் உருவம் மல்லாந்து விழும். விழுந்தால் 1, தகட்டில் பட்டால் 0. நடுவில் முக்கால், அரை என்று எதுவும் இல்லை. உருவத்தில் கட்டியிருக்கும் நீளக் கயிறை இழுத்தால் அது மறுபடி எழுந்து நிற்கும்.

ஓர் இலக்குக்கு ஒரே குண்டு. பெரும்பாலும் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் துப்பாக்கியைத் தாங்கிச் சுடுவோம். சில லேன்களில் (சுடுவதற்கென்று குறித்த இடங்களில்) மட்டும் நின்றுதான் சுட வேண்டும், அல்லது முழங்கால் போட்டு. இந்த விளையாட்டின் முதல் போட்டி 1980இல், எங்கள் சசெக்ஸிலேயே மேகம் டவுன் என்ற சிற்றூரில் நடந்தது. எனக்கு அந்த மண்ணிலேயே பழகக் கிடைத்ததில் பெருமை உண்டு. ஒலிம்பிக்கில் மட்டும் இதற்கு இடமில்லை.

தூரத்தைச் சொல்ல மாட்டார்கள், லேசர் கருவிக்கும் அனுமதி இல்லை என்றால் எப்படித்தான் கணக்கிடுகிறீர்கள்?
– பொறியாளர், சேலம்

ஸ்கோப்பை வைத்தே கணக்கிடுகிறோம். 40 மடங்கு, 50 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பில், தெளிவாகத் தெரியும் ஆழம் மிகவும் குறுகலாக இருக்கும். 40 கஜத்துக்கு ஃபோகஸ் செய்தால் 45இல் இருப்பது மங்கிவிடும். ஸ்கோப்பின் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் உண்டு. என்னுடையது மதிய உணவுத் தட்டு அளவு. அதைத் திருப்பித் திருப்பி, தகட்டின் பெயின்ட் உதிர்ந்த இடமோ, இலக்கில் கட்டிய கயிற்றின் பிரியோ துல்லியமாகத் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். சக்கரத்தின் விளிம்பில் நானே ஒட்டிய நாடாவில் அந்த இடத்தில் என்ன எண் இருக்கிறதோ, அதுதான் தூரம். பிறகு அந்தத் தூரத்துக்கு எத்தனை ‘கிளிக்’ என்று அட்டவணையைப் பார்த்து ஸ்கோப்பின் மேல் திருகைத் திருப்ப வேண்டும்.

ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டால், பெல்லட் நேர்கோட்டில் போவதில்லை. அரை கிராமை விடக் கொஞ்சம் கூடுதல் எடை, விநாடிக்கு 240 மீட்டர் வேகம். 45 கஜத்துக்கும் 50 கஜத்துக்கும் இடையிலேயே ஏறக்குறைய ஓர் அங்குலம் இறங்கிவிடும். துளையின் மையத்திலிருந்து விளிம்புக்கு 20 மி.மீ.தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதை நான் கற்றுக்கொண்ட ஜூலை மாதத்தை மறக்க முடியாது. அந்தச் சக்கரத்தின் எண்களை பிப்ரவரியில், கையுறை போட்டுக்கொண்டு, குளிரில் குறித்திருந்தேன். போட்டியன்று 28 டிகிரி வெயில். தூரத்து இலக்குகள் ஒவ்வொன்றாகத் தப்பின. முதலில் காற்றைச் சந்தேகப்பட்டேன். பிறகு என் விரலை. பிறகு பெல்லட் டப்பாவை. 40 இலக்குகளில் 17 விழவில்லை. முடிந்து டீ குடிக்கும்போது, எனக்கு ஜோடியாகச் சுட்ட பெரியவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தப்பினதெல்லாம் எங்கே பட்டது?”

கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். கறுப்புத் தகடு, துளையைச் சுற்றி மஞ்சள் வளையம், அதற்கு நேர் கீழே சாம்பல் நிறத்தில் நகக்கண் அளவுக்கு ஈயக் கறை. அடுத்ததிலும் நேர் கீழே. அதற்கடுத்ததிலும். வெப்பத்தில் ஸ்கோப்பின் ஃபோகஸ் நகர்ந்திருந்தது. 50 கஜத்தை 45 என்று காட்டியிருக்கிறது, நானும் நம்பிச் சுட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து எனக்குப் பிடிபட்ட கணக்கு இது. கறை மேலேயோ கீழேயோ இருந்தால் தூரம் தப்பு. இடமோ வலமோ இருந்தால் காற்று. நாலாபக்கமும் சிதறினால் மட்டும்தான் என் கையையும் மூச்சையும் நான் சந்தேகிக்க வேண்டும். இப்போது 5, 15, 25 டிகிரிகளுக்குத் தனித்தனி நாடா வைத்திருக்கிறேன். ஸ்கோப்பில் ஒரு சின்ன வெப்பமானியும் ஒட்டியிருக்கிறது. நீங்கள் பொறியாளர், இதை நான் விளக்க வேண்டியதில்லை: அளவுகோலையும் அளந்து பார்த்தாக வேண்டும்.

கச்சான் அடித்தால் ஒரு கணக்கு, கொண்டல் அடித்தால் ஒரு கணக்கு என்று எங்கள் அப்பா கடலில் சொல்வார். காட்டுக்குள் காற்றை எப்படிப் பார்க்கிறீர்கள்?
– வாசகர், தூத்துக்குடி

உங்கள் அப்பாவிடம் உட்கார்ந்து நான் பாடம் கேட்க வேண்டும், ஐயா. கடற்காற்றுக்குத் திசைக்கொரு பெயர் உண்டு. காட்டுக்குள் வரும் காற்று மரத்துக்கு மரம் திசை மாறும்.

மணிக்கு 5 கி.மீ. காற்று என்றால் முகத்தில்கூட சரியாகத் தெரியாது. அதுவே குறுக்கே அடித்தால் 55 கஜத்தில் பெல்லட்டை மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிவிடும். மையத்தைக் குறிவைத்தவர் துளைக்கு வெளியே சுட்டிருப்பார். மணிக்கு 15 கி.மீ. என்றால் நாலு அங்குலத்துக்குக் குறையாமல் நகரும்.

துப்பாக்கிக் குழாயின் நுனியில் ஒரு சாண் சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருக்கிறேன். அது சொல்வது என் இடத்துக் காற்றை மட்டும். நடுவழியில் புல் எந்தப் பக்கம் சாய்கிறது, இலக்குக்குப் பின்னால் இருக்கும் ஹேசல் செடியின் இலை புரள்கிறதா, இதையெல்லாம் தனியாகப் பார்க்க வேண்டும். மரங்களுக்கு நடுவே இடைவெளி இருந்தால், திறந்து வைத்த கதவு மாதிரி அதன் வழியே காற்று பாயும். லேன் அமைப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சுடுகிற நம்மை அமைதியான மரநிழலில் உட்கார வைத்துவிட்டு, பெல்லட் போகும் வழியில் ஓர் இடைவெளியை விட்டுவைப்பார்கள். நூல் தொங்கிக்கொண்டே இருக்கும், குண்டு மட்டும் விலகிப் போகும்.

எனக்கு இன்றைக்கும் கஷ்டமான காரியம் வேறு. காற்றின் அளவு தெரிந்துவிட்டது, இரண்டு அங்குலம் வலப்பக்கம் பிடிக்க வேண்டும் என்றும் தெரிந்துவிட்டது. ஆனால் துளையை விட்டுவிட்டு, வெறும் தகட்டின் மேல் குறியை வைத்து விசையை இழுக்க மனசு வராது. கடைசி நொடியில் கண் தானாகத் துளைப் பக்கம் நகரும். தெரிந்தே பாதிக் காற்றுக்கு மட்டும் இடம் கொடுத்துச் சுட்டு, இழந்த குறிகள் எனக்கு ஏராளம்.

காகம், முயல் என்று உயிர்களின் உருவத்தைச் சுடுவது மனசுக்கு உறுத்தவில்லையா, அம்மா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

உறுத்தியது, ஐயா. மறைக்க மாட்டேன். சைவக் குடும்பத்தில் வளர்ந்தவள் நான். முதல் நாள் அந்த முயல் தகட்டைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. இந்த விளையாட்டு வேட்டைக்காரர்களின் பயிற்சியிலிருந்து வளர்ந்ததுதான். உருவங்கள் அங்கிருந்து வந்தவை. நான் வேட்டையாடுவதில்லை, ஒருநாளும் ஆட மாட்டேன். நான் பார்ப்பது உருவத்தை அல்ல, அந்த 40 மி.மீ. வட்டத்தை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்ற இலையுதிர்காலத்தில், போட்டி மும்முரமாக நடந்துகொண்டிருக்கும்போது, ஒரு ரோ மான் குட்டியோடு எங்கள் லேன்களுக்குக் குறுக்கே வந்துவிட்டது. விசில் ஊதினார்கள். விசில் ஊதிவிட்டால் யாரும் சுடக் கூடாது. குண்டு ஏற்றியிருந்தவர்கள் அதைப் பக்கத்து மண்ணில் சுட்டுக் காலி செய்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள், துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, அந்த மான் இலையைக் கடித்து முடித்துப் புதருக்குள் போகும்வரை உட்கார்ந்திருந்தோம். ஒருவர்கூட அவசரப்படுத்தவில்லை. அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது என் உறுத்தலில் பெரும்பாதி போய்விட்டது. மீதி இருக்கிறது, இருக்கட்டும்.

என் மகனுக்கு வயது 15. கிளப்பில் சேர ஆசைப்படுகிறான். சட்டம் என்ன, எந்தத் துப்பாக்கி வாங்குவது?
– ஒரு தாய், ஹாரோ, லண்டன்

முதலில் எதையும் வாங்காதீர்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கவும் கூடாது, பரிசாகக் கொடுக்கவும் கூடாது. கிளப்புக்கு அழைத்துப் போங்கள். பல கிளப்புகளில் புதிதாக வருகிறவர்களுக்குத் துப்பாக்கியைக் கொடுத்துப் பழக விடுவார்கள். இங்கிலாந்தில் 12 அடி-பவுண்டு ஆற்றலுக்கு உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஸ்காட்லாந்தில் 2016 கடைசியிலிருந்து அதற்கும் சான்றிதழ் வேண்டும், எல்லை தாண்டும்போது கவனம். போட்டிகளில் குண்டின் வேகத்தை அளந்து பார்ப்பதும் உண்டு. அளவு மீறினால் போட்டியிலிருந்து வெளியே, அதோடு சட்டப்படியும் குற்றம். நீங்களே பிறகு வாங்கினாலும், பிள்ளைகள் கை வைக்க முடியாதபடி பூட்டி வைப்பது உங்கள் பொறுப்பு.

அவனுக்கு இது பிடித்துப்போனால், ஸ்பிரிங் ரைஃபிளில் தொடங்கச் சொல்வேன். நான் வைராக் எச்.டபிள்யூ. 97இல் மூன்று வருடம் சுட்டேன். உள்ளே ஸ்பிரிங் பாயும்போது துப்பாக்கி முன்னும் பின்னும் உதறும். குண்டு குழாயை விட்டுப் போவதற்கு முன்பே உதறல் தொடங்கிவிடும். இறுக்கிப் பிடித்தால் ஒரு இடம், தளர்த்திப் பிடித்தால் வேறு இடம். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, தூங்கும் குழந்தையைத் தாங்குவது போலப் பிடிக்கக் கை பழகிவிடும். அடைத்த காற்றில் சுடும் விலை உயர்ந்த ரைஃபிள்கள் உதறுவதில்லை. அதனாலேயே அவை தவறுகளை மன்னித்துவிடும். 15 வயதில் மன்னிக்காத துப்பாக்கிதான் நல்ல வாத்தியார் என்பது என் கருத்து. எங்கள் கிளப்பிலேயே இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள்.

போட்டிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போவீர்களா?
– வாசகி, தஞ்சாவூர்

தயிர்சாதம், மாவடு. காலையில் வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டுச் சுட்டால் குறியில் நாடித்துடிப்பு தெரியும், அதனால் பாதிப் போட்டிக்குப் பிறகுதான் டப்பாவைத் திறப்பேன். பெல்லட் ஈயம் என்பதால், சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வாயில் எதையும் வைப்பதில்லை. மருந்தாளுநராகவும் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உங்களால் மறக்க முடியாத ஒரு குறி?
– வாசகர், கோயம்புத்தூர்

போன மே மாதம், 22ஆவது லேன், இரண்டாவது இலக்கு. ஒரு பெரிய பீச் (beech) மரத்தின் அடியில், இருட்டில், எலி உருவம். சக்கரத்தைத் திருப்பினேன், 53 வந்தது. நம்பிக்கை இல்லாமல் கண்ணை எடுத்துவிட்டு மறுபடி திருப்பினேன், 53தான். சிவப்பு நூல் அசையவில்லை. ஆனால் பாதி வழியில் ஒரு வெயில் பட்டை விழுந்திருந்தது, அதில் பறந்த பூச்சிகளும் தூசியும் இடப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. துளைக்கு வெளியே, வலப்பக்கம், மஞ்சள் வளையத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளிக் குறியை வைத்தேன். கண் துளைப் பக்கம் இழுத்தது. இழுக்கட்டும் என்று ஒரு மூச்சு விட்டுக் காத்திருந்து, குறி பழைய இடத்துக்கு வந்ததும் விசையைத் தொட்டேன்.

பின்னால் வெயில் இருந்தால் பெல்லட் போவதை ஸ்கோப்பிலேயே பார்க்க முடியும். அன்று பார்த்தேன். ஒரு வெள்ளிப் பொட்டு மேலே ஏறி, வெயில் பட்டையைக் கடக்கும்போது இடப்பக்கம் வளைந்து, இறங்கி, துளைக்குள் போனது. கால் விநாடிகூட இருக்காது. ‘டங்’ என்ற சத்தம் கொஞ்சம் தாமதமாக வந்தது. எலி மல்லாந்து கிடந்தது. ஜோடிக்காரர் அட்டையில் குறி போட்டார். நான் கயிறை இழுத்து, அடுத்து வருபவருக்காக அதை நிமிர்த்தி வைத்துவிட்டு நகர்ந்தேன்.