திருப்பூர் பின்னலாடைக்குப் பிறப்பிடச் சான்று எதற்கு?

ஆஸ்திரேலியாவுக்குப் பின்னலாடை அனுப்பும்போது வரிச்சலுகைக்குப் பிறப்பிடச் சான்று கேட்கிறார்களே, அது என்ன என்பது கேள்வி. ஒரு பொருள் எந்த நாட்டில் உருவானது என்பதை உறுதிப்படுத்தும் ஆவணமே பிறப்பிடச் சான்று.

இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் 2022 ஏப்ரல் 2 அன்று கையெழுத்திட்டு, அதே ஆண்டு டிசம்பர் 29 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த வணிக ஒப்பந்தத்தால், நம் ஆடைகளுக்கு அங்கே விதிக்கப்பட்டுவந்த 5 விழுக்காடு இறக்குமதி வரி நீங்கியது. இலாப விளிம்பு மெலிந்த பின்னலாடைத் தொழிலில் இந்த ஐந்து விழுக்காடு பெரிது. ஒரு கொள்முதல் ஆணை நமக்கு வருவதையும் போட்டி நாட்டுக்குப் போவதையும் அதுவே தீர்மானித்துவிடலாம்.

ஆனால் சலுகை இந்தியப் பொருளுக்கு மட்டுமே உரியது. சான்று கேட்காவிட்டால், வேறொரு நாட்டில் தைத்த ஆடையை இங்கே இறக்கி, பெட்டியை மட்டும் மாற்றி, வரியின்றி அனுப்பிவிட முடியும்.

நம் வாரச்சந்தையை எண்ணிப் பாருங்கள். பக்கத்து ஊர் விவசாயிகளுக்குச் சுங்கம் இல்லை என்று ஊரார் முடிவெடுத்தால், வெளியூர் வியாபாரியும் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி நுழையப் பார்ப்பார். ஆகவே காய் எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று வாயிலில் கேட்டே ஆக வேண்டியிருக்கும்.

இதைத் தரச்சான்று என்று பலர் எண்ணுகின்றனர்; துணியின் தரத்தைப் பற்றி இச்சான்று எதுவும் சொல்வதில்லை, அது பிறந்த நாட்டை மட்டுமே சொல்கிறது.