முதலில் குழாய்த் தண்ணீர், பிறகு மீன்: கேள்வி பதில்

சென்னை கொளத்தூர்ப் பக்கம் இருபது ஆண்டுகளாகக் கப்பி, மோலி மீன்களை வளர்த்துப் பெருக்கி வருகிறேன். நன்னீர் மீன்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்பவர்கள் தொட்டியின் அளவையும் எந்தத் தண்ணீர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி (அம்பத்தூர்): இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி. போர் தண்ணீர். ஏஞ்சல், நியான் டெட்ரா, கப்பி, டைகர் பார்ப், கோல்ட் ஃபிஷ் எல்லாவற்றிலும் ஒரு ஜோடி விடலாமா?

வேண்டாம். உங்கள் தொட்டி கொள்வது 56 லிட்டர். மணலும் கல்லும் போட்டு, மேலே இரண்டு விரற்கடை விட்டால் 45 லிட்டர்தான் மிஞ்சும். கடையில் கட்டைவிரல் நீளம் இருக்கும் கோல்ட் ஃபிஷ் ஒன்று, ஒழுங்காக வளர்ந்தால், ஒரு சாணைத் தாண்டும். அது வெளியேற்றும் கழிவை இந்தத் தண்ணீர் தாங்காது. ஏஞ்சல் அகலத்தைவிட உயரத்தில் வளர்வது. ஓரடித் தொட்டியில் அதன் துடுப்புகள் மடங்கிப்போகும். வளர்ந்த ஏஞ்சலின் வாய்க்குள் நியான் டெட்ரா அடங்கிவிடும். இரண்டும் அமேசான் மீன்கள்தானே என்று கடைக்காரர் சேர்த்துக் கொடுப்பார். அமேசானிலும் ஏஞ்சல் சின்ன மீனைத் தின்றுதான் வாழ்கிறது. டைகர் பார்ப் ஜோடியாக வாழும் மீன் இல்லை. ஆறுக்குக் குறைந்தால் தங்களுக்குள் காட்டும் துடுக்கை அடுத்த மீனின் வாலில் காட்டும். கப்பியின் வாலும் ஏஞ்சலின் நீள்துடுப்பும் இரண்டே நாளில் கந்தலாகிவிடும்.

போர் தண்ணீர் என்று எழுதினீர்களே, அதில்தான் விடை இருக்கிறது. சென்னையில் பெரும்பாலான ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விழுகிறதல்லவா, அதே சுண்ணச் சத்து. கப்பிக்கும் மோலிக்கும் பிளாட்டிக்கும் இது தாய்வீடு. மோலி உப்பங்கழியிலும் வாழக்கூடியது. ஆண் கப்பிகள் மட்டும் எட்டு அல்லது பத்து விடுங்கள், போதும். பெண்ணையும் சேர்த்தால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். பெண்ணைத் தனியாகப் பிரித்தாலும், முன்பு சேர்ந்த ஆணின் விந்தைச் சேமித்துவைத்து இன்னும் சில முறை போடும்.

கேள்வி (கோவை): சென்னையில் இருந்தபோது நியான் டெட்ரா ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. இங்கே மீண்டும் முயலலாமா?

உங்கள் வீட்டுக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறது என்றால் தாராளமாக. அது மலையிலிருந்து வரும் மென்மையான நீர். நியான் பழகியதும் அப்படிப்பட்ட நீர்தான். பத்து மீன்களாக வாங்குங்கள். ஃபில்டர் ஓடத் தொடங்கி ஆறு வாரமாவது ஆன தொட்டியில் விடுங்கள். வீட்டில் போர் தண்ணீரும் கலந்து வருகிறது என்றால் முதலில் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): செர்ரி பார்ப் எங்கள் தீவின் மீன் என்பதால் வளர்க்க ஆசை. கிணற்று நீர்தான் உண்டு.

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. தன் மண்ணின் மீனைத் தேடுபவர்கள் குறைவு. செர்ரி பார்ப் இலங்கைக்கு மட்டுமே உரிய மீன். ஆனால் அதன் வீடு தென்மேற்கின் ஈரவலய ஓடைகள். மர நிழல், உதிர்ந்த இலை, மென்மையான நீர். யாழ்ப்பாணக் கிணறு சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறுவது. ஒரே தீவு என்றாலும் மீனுக்கு அது வேறு நாடு. பண்ணையில் பல தலைமுறை பெருக்கிய செர்ரி பார்ப் ஓரளவு கடினத்தைப் பொறுத்துக்கொள்ளும். அதனால் ஆசையை விட வேண்டாம். மாரியில் முதல் இரண்டு மூன்று மழையை விட்டுவிட்டு, கூரை கழுவப்பட்ட பிறகு விழும் நீரைப் பிடித்துவைத்துக் கிணற்று நீருடன் சரிபாதி கலந்துகொள்ளுங்கள். செடி அடர்த்தியாக இருக்கட்டும். நிழலில்தான் ஆணின் சிவப்பு ஏறும்.

கேள்வி: கடினம்தான் சிக்கல் என்றால், எல்லோரும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றிவிடலாமே?

தனி ஆர்.ஓ. நீரில் தாதுச் சத்தே இல்லை. கப்பியும் மோலியும் அதில் நலிந்துபோகும். பி.எச். என்னும் அமில-கார அளவும் நிலையில்லாமல் ஆடும். மென்னீர் மீனுக்குக் கலந்து ஊற்றலாம், தனியாக வேண்டாம்.

கேள்வி (தாம்பரம்): புதுத் தொட்டி. ஃபில்டர், காற்றுக் குழாய் எல்லாம் இருக்கிறது. முதல் நாள் பன்னிரண்டு மீன் விட்டேன். ஐந்தாம் நாள் ஒன்றுகூட இல்லை. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்ததே?

தெளிவு எதையும் சொல்லாது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அதற்கு நிறம் கிடையாது. செவுளைச் சுட்டுவிடும். ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சு. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அதை வாரம் கால்பங்கு நீரை மாற்றிச் சமாளிக்கலாம். இந்த நுண்ணுயிர்கள் ஃபில்டர் பஞ்சில் குடியேறி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். உங்கள் பஞ்சு புதியது, அதில் யாரும் குடியில்லை. பன்னிரண்டு மீன்களின் கழிவும் அப்படியே தண்ணீரில் நின்றது.

நலமான பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு துண்டுப் பஞ்சு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள். மூன்று மீனுடன் தொடங்குங்கள். பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். குளோரின் நுண்ணுயிரைக் கொல்லும். தொட்டியிலிருந்து எடுத்த நீரில் அலசுங்கள், போதும்.

இன்னொன்று, இதை எல்லோருக்கும் சொல்கிறேன்: புது மீனை மூன்று வாரம் தனித்தொட்டியில் வையுங்கள். ஒருமுறை நான் அவசரப்பட்டுப் புதுக் கப்பிகளை நேராகப் பழைய தொட்டியில் விட்டேன். வெண்புள்ளி நோய் பரவி, எட்டு ஆண்டுகள் தேர்ந்தெடுத்து வளர்த்த ஒரு கப்பி வம்சமே அழிந்தது.

கேள்வி: சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் கோல்ட் ஃபிஷ் வளர்க்கலாமா?

கூடாது. பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய மீன் அது.

கேள்வி: கிண்ணம் கொஞ்சம் பெரியது, ஐந்து லிட்டர். ஒரே ஒரு கோல்ட் ஃபிஷ்?

கூடாது.

கேள்வி: வாஸ்துவுக்கு ஃப்ளவர்ஹார்ன் நல்லதா? கூட எந்த மீன் விடலாம்?

வாஸ்து என் துறை இல்லை. ஃப்ளவர்ஹார்ன் மனிதர் உண்டாக்கிய கலப்பினம். ஓரடி வளரும். துணை மீன் எதையும் விடாதீர்கள்.

கேள்வி: கடல்நீர்த் தொட்டியில் க்ளௌன் மீன்...

கடல்நீர் வளர்ப்பவர்களிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது நன்னீர் மட்டும்.

கேள்வி (மதுரை): தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கிய சக்கர் மீன் ஓரடி ஆகிவிட்டது. ஊர்க் கண்மாயில் விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

தயவுசெய்து விடாதீர்கள். அது தென்னமெரிக்க மீன். பாசியைச் சுரண்டும், ஆனால் மற்ற மீன்களின் கழிவைத் தின்னாது. அது போடும் கழிவே ஏராளம். கண்மாயில் விட்டால் முட்டையிடக் கரையைக் குடைந்து வளை தோண்டும். உடல் முழுதும் எலும்புத் தகடு என்பதால் மற்ற மீன் தின்ன அஞ்சும், வலை கிழியும்.

கேள்வி (வேறொருவர்): அது ஏற்கெனவே எல்லா ஏரியிலும் இருக்கிறது. ஒன்று கூடினால் என்ன கெட்டுவிடும்?

எல்லா ஏரியிலும் இல்லை. இருக்கும் இடங்களுக்கும் அது தானாக வரவில்லை. "ஒன்றுதானே" என்று ஒவ்வொருவரும் விட்டதால் வந்தது. ஒரு தாய் மீன் நூற்றுக்கணக்கில் முட்டையிடும்.

கேள்வி: கொல்வதைவிட நீரில் விடுவது புண்ணியம் இல்லையா?

உங்கள் இரக்கத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கண்மாயில் கெண்டையும் குரவையும் இருக்கின்றன. அவற்றின் உயிரும் கணக்கில் வர வேண்டாமா? வலை கிழிந்து வெறுங்கையோடு வீடு திரும்பும் மீனவரும் இருக்கிறார்.

கேள்வி: பிடித்துச் சாப்பிட்டுவிட்டால் தீர்ந்ததே?

தகட்டை உரித்தால் கிடைக்கும் சதை மிகக் குறைவு. சந்தையில் விலை இல்லை. காற்றை விழுங்கி வயிற்றால் சுவாசிக்கக்கூடியது என்பதால், கரையில் எறிந்தாலும் நெடுநேரம் சாகாது. கண்மாயில் விட்டுவிட்ட பிறகு வழி தேடுவது பெரும்பாடு. விற்பவர்கள் இரண்டங்குலக் குஞ்சைக் கொடுக்கும்போதே வளர்ந்த அளவைச் சொல்ல வேண்டும். நான் இதை விற்பதில்லை.

கேள்வி: ஃபைட்டர் மீனுடன் கப்பி?

வேண்டாம். கப்பியின் வாலைப் போட்டி ஆண் என்று நினைத்துக் கடிக்கும்.

கேள்வி: இரண்டு லிட்டர் கிண்ணத்தில் கோல்ட் ஃபிஷ்...

மேலே இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி (மதுரை, மறுபடியும்): கண்மாயில் விடவில்லை. மொட்டை மாடியில் ஐந்நூறு லிட்டர் சிமென்ட் தொட்டி சும்மா கிடக்கிறது. அதில் விடலாமா?

மிக்க நன்றி. விடலாம். புதுச் சிமென்ட் என்றால் இரண்டு வாரம் நீர் நிரப்பி மாற்றி மாற்றிச் சுண்ணத்தை வெளியேற்றுங்கள். பாதிக்கு மேல் நிழல் வேண்டும், மதுரை வெயிலில் மாடித் தண்ணீர் கொதித்துவிடும். ஒளிந்துகொள்ள ஒரு மண்குழாய்த் துண்டைப் போடுங்கள். மூடியாகக் கம்பிவலை கட்டுங்கள். நிரம்பி வழியும் குழாயிலும் வலை இருக்கட்டும், மழை நாளில் மீன் அதன் வழியே வடிகாலுக்குப் போய்விடக் கூடாது.