முந்திரி அலர்ஜிக்கு செட்ரிசின் மாத்திரை கையில் இருந்தால் போதுமா?

தம்பிக்கு முந்திரி சாப்பிட்டால் உதடு வீங்குகிறது, செட்ரிசின் கையில் வைத்திருக்கிறோம், போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. எங்கள் வீட்டிலும் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

எங்களுக்குப் பண்ருட்டிப் பக்கம், முந்திரிக்காட்டு ஊர். கொட்டை உடைக்கிற பெண்களுக்கு ஓட்டில் உள்ள எண்ணெய் பட்டு விரல் தோல் உரிவதைப் பார்த்தே வளர்ந்தோம். அதனால் அக்கா மகனுக்கு முந்திரி சேராது என்றதும், "நல்லா வறுத்துக் குடு, சரியாயிடும்" என்றார்கள். அது வேறு, இது வேறு. பருப்பிலுள்ள புரதத்தை உடம்பு எதிரியாக நினைத்துக்கொள்வதுதான் இந்த அலர்ஜி. வறுத்தாலும் அரைத்தாலும் போகாது. பிஸ்தாவும் அதே குடும்பம், தம்பிக்குக் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

அக்கா மகனுக்கு முதல் தடவை தடிப்பு மட்டும் வந்தது. காணாக்கடி என்று பாட்டி வேப்பிலை அடித்தார். கிளினிக்கில் அவில் என்று, செட்ரிசின் மாதிரியான ஒரு அலர்ஜி ஊசி போட்டு அனுப்பினார்கள். அதுதான் வைத்தியம் போல என்று இருந்துவிட்டோம்.

அடுத்தது கடலூரில் ஒரு கல்யாணப் பந்தி. வெள்ளைக் குருமாவில் முந்திரி அரைத்து விட்டிருக்கிறார்கள். பையனுக்கு ஒன்பது வயது. பத்து நிமிடத்தில் இரண்டு முறை வாந்தி, ஆனால் உடம்பில் ஒரு தடிப்பு கிடையாது. அஜீரணம் என்று சோடா வாங்கி வந்தார் ஒருவர். பையனோ தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தான். "மாமா, தொண்டைல முடி மாட்டின மாதிரி இருக்கு" என்றான், குரல் கம்மிப்போய். முகம் கழுவி வரட்டும் என்று நடக்க விட்டேன். குழாயடியிலேயே சரிந்து விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் முதலில் போட்டது அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கம், சதையில். சில நிமிடங்களில் உதட்டில் நிறம் திரும்பியது. சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம் என்று இரவு முழுக்க வைத்திருந்துதான் அனுப்பினார்கள்.

டாக்டர் சொல்லித்தான் புரிந்தது. ரத்தக் குழாய்கள் விரிந்து பிரஷர் இறங்குகிறது, மூச்சுக்குழல் சுருங்குகிறது. அட்ரினலின் இரண்டையும் திருப்பும். செட்ரிசினும் அவிலும் அரிப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். பிரஷர் இறங்கியவனை எழுப்பி நடக்க விட்டால் இதயத்துக்குத் திரும்புகிற ரத்தம் இன்னும் குறையும். நான் செய்த தப்பு அதுதான்.

ஆகவே செருமல், குரல் மாற்றம், மூச்சிழுப்பு, நிற்காத வாந்தி, தலைசுற்றல் இதில் எது வந்தாலும் தடிப்புக்காகக் காத்திருக்காதீர்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு திணறினால் மட்டும் உட்காரலாம். 108-ஐக் கூப்பிட்டு அலர்ஜி, மூச்சு முட்டுகிறது என்று சொல்லுங்கள். வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம்.

அப்புறம், அலர்ஜி பார்க்கிற டாக்டரிடம் ஒருமுறை போய், அட்ரினலின் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். அளவு எடையைப் பொறுத்தது, போடவும் அவர்தான் கற்றுத்தர வேண்டும். எங்களுக்குத் தந்தது ஆம்பூல் என்கிற சின்னக் கண்ணாடி மருந்துக் குப்பி. உடையாமல் இருக்கப் பஞ்சு சுற்றி, சிரிஞ்சோடு ஒரு பழைய ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறோம். பையன் எங்கே போனாலும் கூடப் போகிறவர் கையில் அது இருக்கும். வண்டிப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள், நம்ம ஊர் வெயிலில் மருந்து கெட்டுவிடும்.