சிவப்பு மார்க் வாங்கிய பையனை உட்கார வைக்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஊர்க் கால்பந்து கிளப் நடத்துகிறோம். கோடை டோர்னமென்டுக்கு முன் ஏழு அசைவுச் சோதனை செய்து, யாருக்கு அடிபடும் என்று சொல்லிவிடுவதாக ஒருவர் வந்தார். இலவசமாகப் பார்த்த ஆறு பேரில் ஸ்ட்ரைக்கர் உட்பட இருவருக்குச் சிவப்பு. இருவரையும் நிறுத்துவதா? மற்றவர்களுக்கு ஆளுக்கு 600 ரூபாய் கட்டுவதா?

பதில்: நிறுத்தவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம்.

குந்தி எழுவது, கயிற்றைத் தாண்டுவது என்று போகும் அந்தச் சோதனைக்கு மொத்தம் 21 மதிப்பெண். 14-ம் அதற்குக் கீழும் ஆபத்து என்ற கோடு, அமெரிக்காவில் ஒரே ஒரு டீமின் 46 பேரைப் பார்த்து 2007-ல் போட்டது. அதுவும் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு மோதுகிற அவர்கள் ஊர் ஃபுட்பால்.

ஒரு பேச்சுக்கு, 20 பேரில் 6 பேர் சிவப்பு. சீசன் முடிவில் அதில் 3 பேருக்கு அடி. பச்சை வாங்கிய 14 பேரில் 5 பேருக்கு அடி. விகிதத்தில் சிவப்புதான் மோசம். ஆனால் சிவப்பை நிறுத்தியிருந்தால் நல்ல காலோடு 3 பேர் வெளியே உட்கார்ந்திருப்பார்கள், அடிபட்ட 8 பேரில் 5 பேர் ஆடிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

இலவச முகாம் என்று வருபவருக்கு ரிப்போர்ட்டில் லாபமில்லை. சிவப்பு வந்தவுடன் ஷூவுக்குள் வைக்கும் சோல், முழங்கால் உறை, மூன்று மாதப் பயிற்சிப் பேக்கேஜ், கடைசியில் கமிஷன் வைத்த ஸ்கேன். வலியே இல்லாத பையனுக்கு ஸ்கேன் எதற்கு என்று கேளுங்கள், ஆள் நழுவிவிடுவார்.

ஒரே விலக்கு, பழைய அடி. போன சீசனில் அடிபட்டவனுக்குத்தான் மறுபடி அடிபட வாய்ப்பு அதிகம். அதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டு போதும்: எந்தக் கால், எந்த மாதம், எத்தனை வாரம் ஆடவில்லை, முழு வேகத்தில் ஓடினால் இப்போதும் பிடிக்கிறதா. முழங்காலின் முன்சிலுவை ஜவ்வு (ACL) ஆபரேஷன் ஆனவன் 9 மாதத்துக்குள் மேட்ச் ஆடவே கூடாது. அதன் பிறகும் ஒற்றைக் காலில் தாண்டச் சொல்லி டேப்பால் அளந்து பாருங்கள். நல்ல கால் 150 செ.மீ. தாண்டினால் ஆபரேஷன் கால் 135-ஆவது தாண்ட வேண்டும். தாண்டாதவன் பெஞ்சில். தாண்டியவனையும் ஆபரேஷன் செய்த டாக்டர் சரி என்ற பிறகே இறக்குங்கள். எண்ணெய் போட்டு உருவிவிட்டோம், வீக்கம் வடிந்துவிட்டது என்பதெல்லாம் கணக்கில் சேராது.

டோர்னமென்ட் கமிட்டிகள் காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கையெழுத்தான ஃபிட்னஸ் சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்குகின்றன. ஒரே நாளில் இரண்டு நாக்அவுட் வைப்பதையும், களிமண் வெடித்துக் கணுக்கால் இறங்குகிற மைதானத்தையும் யாரும் கேட்பதில்லை. வெடிப்பில் மண் நிரப்பித் தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டிப்படுத்த ஒரு டிராக்டர் லோடு மண் போதும்.

மிச்சமாகும் பணத்தில் பந்து வாங்குங்கள். காலுக்கு வேண்டியது ஃபிஃபாவின் 11+ வார்ம்-அப், செலவில்லாதது: 8 நிமிடம் மெதுவோட்டம், 10 நிமிடம் வலு, தாண்டல், சமநிலை, 2 நிமிடம் வேக ஓட்டம். வாரம் இரண்டு முறையாவது, எல்லோருக்கும். சிவப்பு, பச்சை பார்க்காதீர்கள். பையன்கள் ஏமாற்றுவது தொடைப் பின்தசைப் பயிற்சியில். மண்டியிட்டவனின் கணுக்காலை இன்னொருவன் அழுத்திப் பிடிக்க, உடம்பை முழங்காலிலிருந்து நேராக, மெதுவாக முன்னால் சாய்க்க வேண்டும். இடுப்பை மடக்கினால் பாரம் தசைக்குப் போகாது. முதலில் 3 முதல் 5 தடவை போதும். புதிதாகச் செய்பவனுக்கு இரண்டு நாள் தொடை கடுக்கும். அதனால் மேட்சுக்கு முந்தின நாள் ஆரம்பிக்காதீர்கள்.