எச்.எம். ஆக இருந்தவர் இங்கே மிடில் ஸ்கூல் பிரின்சிபால் ஆக முடியுமா?

"ஊரில் பதினோரு வருடம் கணக்கு டீச்சர். கடைசி மூன்று வருடம் எச்.எம். பொறுப்பு. கணவர் வேலைக்காக நியூ ஜெர்சி வந்து ஐந்து மாதம் ஆகிறது. இங்கே அரசுப் பள்ளியில் பிரின்சிபாலாக இருப்பது எப்படி இருக்கும்? என்னைப் போன்றவருக்கு அது எட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அக்கா என்று கூப்பிட்டுவிட்டீர்கள், அந்த உரிமையோடு சொல்கிறேன். இதே மாநிலத்தில் ஒரு மிடில் ஸ்கூலுக்கு நான் பிரின்சிபாலாகி இது ஏழாவது வருடம்.

எட்டும். ஆனால் அந்த நாற்காலியிலிருந்து நேராக இந்த நாற்காலிக்கு வர முடியாது. மறுபடியும் வகுப்பறைக்குள் நுழைந்துதான் வர வேண்டும்.

முதலில் விசா. நீங்கள் எச்-4, அதாவது எச்-1பி வேலை விசாவில் வந்தவரின் துணைக்கான விசா என்றால், கணவருக்கு ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காக அவர் நிறுவனம் போடும் மனு, அங்கீகாரம் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 2015 மே மாதத்திலிருந்து அந்த வழி இருக்கிறது. நான் வந்த காலத்தில் அதுவும் இல்லை. கிரீன் கார்டு வரும்வரை ஒரு பள்ளி நூலகத்தில் சம்பளமில்லாமல் புத்தகம் அடுக்கினேன். அங்கேதான் இந்த ஊர்ப் பிள்ளைகளின் பேச்சு எனக்குப் பிடிபட்டது.

அனுமதி கிடைத்தால் உங்கள் பட்டங்கள் இங்குள்ள பட்டத்துக்குச் சமமா என்ற மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். கூடவே சப்ஸ்டிடியூட் டீச்சராக, அதாவது டீச்சர் வராத நாளில் அவர் வகுப்பைப் பார்த்துக்கொள்பவராக, போகத் தொடங்குங்கள். அடுத்து ஆசிரியர்களுக்கான பிராக்சிஸ் என்ற பாடத் தேர்வு, ஆசிரியர் சான்றிதழ், வகுப்பறை. பிரின்சிபால் சான்றிதழுக்கு முதுகலைப் பட்டம், ஐந்து வருட அனுபவம், 300 மணி நேரப் பயிற்சி, ஒரு தலைமைத்துவத் தேர்வு எல்லாம் வேண்டும். எச்.எம். ஆக இருந்தவர் சப்ஸ்டிடியூட்டாகப் போய் நிற்பது மனசுக்குக் கஷ்டம். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

இனி வேலை எப்படி என்பதற்கு வருகிறேன். ஊரில் டி.இ.ஓ., சி.இ.ஓ. என்று கல்வி அதிகாரிகளின் உத்தரவு மேலிருந்து இறங்கும். இங்கே ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தனி நிர்வாகம். இந்த ஒரு மாநிலத்திலேயே 500க்கு மேல் இருக்கின்றன. இடமாறுதல் கலந்தாய்வு என்ற பேச்சே கிடையாது. வேறு ஊருக்குப் போக வேண்டுமென்றால் வேறு மாவட்டத்தில் புதிதாக விண்ணப்பம் போட வேண்டும். பெரும்பாலான ஊர்களில் ஸ்கூல் போர்டு என்ற பள்ளி நிர்வாகக் குழுவின் உறுப்பினர்களை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் இல்லை. அவர்கள் மாவட்டப் பள்ளிகளின் தலைமை அதிகாரியான சூப்பரிண்டெண்டெண்டை நியமிப்பார்கள், நான் அவருக்குக் கீழே. பள்ளிக்கான பணத்தில் பெரும்பங்கு அந்த ஊர்க்காரர்களின் வீட்டு வரி. அதனால் பள்ளியில் பிள்ளையே இல்லாத பெரியவர்கூட போர்டு கூட்டத்தில் எழுந்து "இந்தச் செலவு எதற்கு?" என்று கேட்கலாம். பதில் சொல்வது என் கடமை. முதல் வருடம் அது எனக்கு அவமானமாகப் பட்டது. இப்போது, அவர் தன் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கேட்கிறார் என்று புரிகிறது.

ஆசிரியர்கள் மீதும் என் அதிகாரம் அளவோடுதான். மணி அடித்த பிறகு மாதத்துக்கு எத்தனை கூட்டம் போடலாம் என்பதே யூனியன் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். வகுப்பைப் பார்வையிட்டால் அன்றைக்குப் பார்த்தது என்ன என்று எழுதி, உட்கார்ந்து பேச வேண்டும். "நான் சொல்கிறேன், செய்யுங்கள்" என்பது இங்கே செல்லுபடியாகாது. அடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. நியூ ஜெர்சி அதை 1867லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது.

மிடில் ஸ்கூல் என்றால் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, பதினொன்றிலிருந்து பதினான்கு வயது. ஆறாம் வகுப்பில் நுழையும் பிள்ளைக்கு எல்லாம் ஒரே நாளில் மாறுகிறது. ஒரு டீச்சர் போய் ஆறேழு டீச்சர், பாடத்துக்கு ஒரு அறை, நடுவில் சில நிமிடங்கள், கூடவே ஒரு லாக்கர். அந்த லாக்கர் பூட்டை முதலில் வலப்பக்கம் திருப்ப வேண்டும், அப்புறம் இடப்பக்கம் முதல் எண்ணைத் தாண்டி இரண்டாவது எண்ணுக்கு, மறுபடி வலப்பக்கம் மூன்றாவது எண்ணுக்கு. கொஞ்சம் தவறினாலும் திறக்காது. ஒரு செப்டம்பரில் ஒரு பெண் குழந்தை மூன்று வாரமாக எல்லாப் புத்தகங்களையும் முதுகில் சுமந்துகொண்டே திரிந்ததைப் பார்த்தேன். பூட்டைத் திறக்கத் தெரியவில்லை என்று யாரிடமும் சொல்லவில்லை. மற்றவர்கள் போன பிறகு தரையில் அவளோடு உட்கார்ந்து பதினைந்து முறை திருப்பிப் பழகினோம். பதினாறாவது முறை தானே திறந்தாள். அதிலிருந்து பள்ளி திறக்கும் வாரம் பூராவும் நான் அறையில் உட்காருவதில்லை, ஆறாம் வகுப்பு வராந்தாவில்தான் நிற்பேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், இது என் தவறு. துணைப் பிரின்சிபாலாக இருந்த முதல் வருடம், நம் நாட்டிலிருந்து புதிதாக வந்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். சாப்பாட்டு மேசையில் மற்றவர்கள் அவன் உச்சரிப்பைப் போலவே பேசிக் காட்டினார்கள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் நம்பிவிட்டேன். பையன்கள் விளையாட்டு என்று விட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அவன் அம்மா வந்தார். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "தினமும் வயித்து வலின்னு நர்ஸ் ரூம்ல போய் உக்காந்துக்கிறானாம் மேடம், பெரிசு பண்ணிடாதீங்க" என்றார். நர்ஸின் பதிவேட்டைப் புரட்டினேன். அவன் பெயர் வரிசையாக இருந்தது, எல்லாமே மதியச் சாப்பாட்டு நேரம்.

இந்த மாநிலத்தின் கொடுமைப்படுத்தல் தடுப்புச் சட்டம் 2011இல் நடைமுறைக்கு வந்தது. புகார் வந்தால் ஒரு பள்ளி நாளுக்குள் விசாரணை தொடங்க வேண்டும், பத்து பள்ளி நாளுக்குள் முடிக்க வேண்டும். பெரிசு பண்ணாதீங்க என்று அம்மா கேட்டாலும் அதை விட்டுவிட எனக்கு அதிகாரம் இல்லை. விசாரணை முறைப்படி நடந்தது, அவன் மெல்ல மெல்லச் சாப்பாட்டு மேசைக்குத் திரும்பினான். ஆனால் அந்த இரண்டு வாரத்தை அவனுக்கு நான் திருப்பித் தர முடியாது. இன்றும் வெள்ளிக்கிழமை தோறும் நர்ஸின் பதிவேட்டைப் படித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.

உங்கள் எச்.எம். அனுபவம் வீணாகாது. பேசத் தயங்கும் பெற்றோரின் முகத்தைப் படிக்க உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அது இங்கே பலருக்கு வராத ஒன்று. பழக வேண்டியது எழுதி வைப்பது. ஒவ்வொரு தொலைபேசிப் பேச்சையும், ஒவ்வொரு ஒத்திகையையும். மாதம் ஒரு தீ விபத்து ஒத்திகை, ஒரு பாதுகாப்பு ஒத்திகை கட்டாயம். யாராவது ஆயுதத்தோடு நுழைந்தால் என்று ஒத்திகை பார்க்கும்போது, கதவைப் பூட்டி விளக்கை அணைத்துவிட்டு பிள்ளைகள் சுவரோரம் மூச்சுக் காட்டாமல் உட்காரும் அந்த நிமிடங்கள் எனக்கு இன்னும் பழகவில்லை.

வேலை அனுமதி அட்டை வரும்வரை வீட்டில் சும்மா இருக்க வேண்டாம். உங்கள் ஊர் ஸ்கூல் போர்டு கூட்டம் எல்லோருக்கும் திறந்தது, விசா நிலை பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். ஏப்ரல் கடைசி, மே முதல் வார வாக்கில் பட்ஜெட் கூட்டம் வரும். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். எந்தப் பள்ளிக்கு எவ்வளவு, எந்த வேலை குறைகிறது, யார் எழுந்து என்ன கேட்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். புரியாததை என்னிடம் கேளுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.